ஆராயியின் புறங்கையில் ஒரு ஸ்டார்

முனீர்க்கா, புது தில்லி,
பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மீனாவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் வெங்கியும் அந்த ஊர் வெயிலில் கறுத்துப்போய்ச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே காலையில் எதிர் பிளாக் தெரியாத பனி, மத்தியானம் போனால் போகிறது என்று கொஞ்சம் வெயில். நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடுப்பு, முழங்கால், அப்பாவின் இருமல் எல்லாவற்றையும் உள்ளே அடக்கிய சௌக்கியம். தீபாவளி சமயத்தில் போனில் நீ என்னை ஒன்று கேட்டாய், உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "அம்மா, வலி நெஜமாவே இருக்கா, இல்ல மறுபடியும் அதுவா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் கவலையோடுதான் கேட்டாய். நான் சிரித்துவிட்டு, "ஒண்ணும் இல்லடி, நன்னா இருக்கேன்" என்றேன். நீ "சூப்பர்ம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் போனைக் கையில் பிடித்தபடி நின்றேனாம், அப்பா வந்து அடுப்பை அணைத்தார். நம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் 'அது' என்றால் என்னவென்று புரியாது. நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நான் வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்து, பிறகு மாதக்கணக்கில் பேசாமலே கிடந்தேனே, அந்த நோய். டாக்டர் அதற்கு பைபோலார் என்று பெயர் சொன்னார், நாம் சொல்லக் கூச்சப்பட்டு 'அது' என்று வைத்துக்கொண்டோம். அன்று உனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் உடனே சமாதானமாகிவிடுவேன். அதனால்தான் காகிதம். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, தெரியாத வார்த்தை வந்தால் வெங்கியைக் கேள்.

இன்று எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா காலையிலேயே சேட்டுவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சேட்டு என்பவன் ஆராயியின் மகன், ஆராயி என்னோடு வியாழக்கிழமை கிளாஸுக்கு வருகிறவள். ஆராயி நேற்றிலிருந்து அங்கே படுத்திருக்கிறாள், அவள் ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் அம்மாவை இங்கே வைத்துக்கொள்வதா, சனிக்கிழமை ரயிலில் ஏற்றி ஆத்தூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவதா என்று சேட்டு தீர்மானிப்பான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. முன்பு ஒருமுறை அந்த வீட்டில் அவளை என்ன செய்தார்கள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்து வெளியே பூட்டுப் போட்டு, மழைக்காலம் முழுக்க ஜன்னல் வழியாகச் சோறு தள்ளினார்கள். மறுபடி அங்கே போனால் திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. இதற்கெல்லாம் பாதிக் காரணம் உன் அம்மா. அப்பா கிளம்பும்போது நான் கதவுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாது, ரொம்ப அலையறே, ரொம்பப் பேசறே, இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பயந்து பயந்து வாழ்ந்த மனுஷர். ஆனால் யோசித்துப் பார், இந்த பிளாக்கில் யார் வேண்டுமானாலும் கவலைப்பட்டு அலையலாம், நான் அலைந்தால் மட்டும் அது மாத்திரைக் கணக்கில் சேர்ந்துவிடும். இது வெறும் கவலை, மீனா. யாருக்கும் வருகிற சாதாரணக் கவலை. இரு, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன், அது எங்கள் குழுவின் விதி, வலி வந்து எழுப்புவதற்கு முன்னால் நாமே எழுந்துவிட வேண்டும்.

வந்துவிட்டேன். குழு என்று சொன்னேனே, அதை உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை, "வியாழக்கிழமை எக்ஸர்ஸைஸ் கிளாஸ்" என்று சொல்லி வைத்திருந்தேன். கரும்பலகை முன்னால் நின்றே கழிந்த ஆயுசு, இடுப்பும் முழங்காலும் பல வருஷமாக என்னை விடவில்லை. எலும்பு டாக்டரிடம் போவேன். அவர் முதலில் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார், அப்புறம் நான் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பார், சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிடும், "மாதாஜி, டென்ஷன் மத் லோ", கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மனநல டாக்டரிடம் சொன்னால் எலும்பு டாக்டரிடம் போகச் சொல்வார். கடைசியில் ஒரு புது டாக்டர் வந்து, தன் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் வியாழக்கிழமை நடக்கும் குழுவுக்கு அனுப்பினார். எல்லாரும் வயதானவர்கள், எல்லாருக்கும் நாள்பட்ட வலி, எல்லாருக்கும் நாள்பட்ட மனநோய். அந்த அறையில் யாரும் யாரையும் 'உனக்கா?' என்று பார்ப்பதில்லை. நடத்துகிறவள் கவிதா, வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், தில்லியிலேயே பிறந்த தமிழ்ப்பெண், தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பாள். அங்கே புதிதாக வருகிறவருக்கு, முன்பே வந்து தேறிய ஒருவரைத் துணையாகப் போடுவார்கள், அவருக்கு 'சாத்தி' என்று பெயர், கூட வருகிறவர் என்று அர்த்தம். சாத்தி டாக்டர் இல்லை, அதே நோயும் அதே வலியும் உள்ள இன்னொரு ஆள், அவ்வளவுதான். எனக்கு சாத்தியாக வந்தவர் இராஜமாணிக்கம், சிபிடபிள்யூடியில் அரசுக் கட்டடங்களுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், கழுத்து வலி, கூடவே பல வருஷ மனச்சோர்வு. தினம் போன் செய்வார். "வலி எப்படி இருக்கு" என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. "மேடம், இன்னிக்கு எதைப் பாதியில விட்டீங்க?" என்றுதான் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். போர்ஷனைப் பாதியில் விட்டுவிட்டு நான் என்றாவது கோடை விடுமுறைக்குப் போயிருக்கிறேனா? பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் கூடை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டேன், பிறகு இரண்டு நாள் படுத்திருப்பேன், படுத்தது போதும் என்று தோன்றியதும் எழுந்து எல்லா வேலையையும் சேர்த்துச் செய்வேன், மறுபடி படுப்பேன். அவர் சொன்னபடி கூடையில் பாதி இருக்கும்போதே, இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறபோதே, எழுந்து பால்கனிவரை போய் வரப் பழகினேன். இடுப்பு வலி போகவில்லை, ஆனால் இப்போதெல்லாம் வலி என் நாளைத் தீர்மானிப்பது குறைந்திருக்கிறது. அப்பா முதலில் அவர் போன் வந்தால் முகத்தைச் சுளிப்பார், இப்போது இருவரும் கிரிக்கெட் பேச ஆரம்பித்தால் என்னிடம் போன் வருவதே இல்லை.

போன மழைக்காலத்தில் என்னையும் சாத்தியாக்கினார்கள். அதற்கு முன் கவிதா எங்களை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள், என்னைப் பார்த்துத் தனியாகவே சொன்னாள், "ஆன்ட்டி, சிகானா நஹீன், சாத் சல்னா." கற்றுக்கொடுக்காதே, கூட நட. நான் தலையை ஆட்டினேன். வகுப்பில் தலையை ஆட்டுகிற பிள்ளைகளை நான் நம்பியதே இல்லை, கவிதாவும் என்னை நம்பியிருக்கக் கூடாது. எனக்கு ஜோடியாக வந்தவள்தான் ஆராயி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி வந்ததிலிருந்து தில்லியில் சித்தாள் வேலை, பிறகு சரோஜினி நகர், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் பாத்திர வேலை, நாம் இருந்த வரிசைக்குப் பக்கத்து வரிசையிலேயே தேய்த்திருக்கிறாள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தோளும் முதுகும் போய்விட்டன. என்னுடைய நோய்தான் அவளுக்கும், என்னுடைய மாத்திரைதான் அவளுக்கும். சாத்திகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று கவிதா சொன்ன நிமிஷமே என்னை வா போ என்று பேச ஆரம்பித்துவிட்டாள், நான்தான் இன்னும் 'நீங்க'வில் மாட்டிக்கொண்டிருந்தேன். வாயாடி, லேசாகப் பொய்யும் சொல்வாள். "எக்ஸர்ஸைஸ் பண்ணீங்களா?" என்றால், "பண்ணாம? பண்ணிப் பண்ணி இடுப்பே தேஞ்சிருச்சு" என்பாள், பக்கத்தில் நிற்கும் சேட்டு கண்ணால் இல்லை என்று காட்டுவான். ஒரு வியாழக்கிழமை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி, அவள் புறங்கையில் ஒரு ஸ்டார் போட்டேன். "என்னா டீச்சரம்மா இது, பச்ச குத்துறியா?" என்றாள். நன்றாகச் செய்தவர்களுக்குப் போடுவது என்றேன். அவள் பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை, மீனா. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வாரம் வந்தபோது அந்த ஸ்டார் மங்கலாக அப்படியே இருந்தது, அந்தக் கையில் மட்டும் தண்ணீர் படாமல் வைத்துப் பாத்திரம் கழுவினாளாம். "அழிஞ்சிருச்சு பாரு, புதுசா போடு" என்று நீட்டினாள். நான் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போட்டேன். நன்றாகச் செய்தால் ஒன்று, மிக நன்றாகச் செய்தால் இரண்டு. தெருவில் எல்லாருக்கும் காட்டி, "எங்க டீச்சரு போட்டது, உனக்கு இருக்குதா?" என்று வம்பு இழுப்பாளாம். கவிதா ஒருநாள் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, யே க்யா ஹை?" என்றாள், இது என்ன என்று. சும்மா விளையாட்டு என்று சொல்லிவிட்டேன்.

விளையாட்டு எங்கே கொண்டுபோய்விட்டது என்று கேள். அவர்கள் குடியிருக்கும் ஜுக்கிக் குடிசைகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, டேங்கர் வரும்போது ஓடிப் பிடிக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின வாரம், மருமகள் வேலைக்குப் போன நேரத்தில் டேங்கர் வந்திருக்கிறது. ஆராயி தன் வீட்டுக் கேன்களையும், கூடவே எதிர்வீட்டுக் கேன்களையும் தூக்கி வந்திருக்கிறாள். எதற்கு என்று நினைக்கிறாய்? வியாழக்கிழமை வந்து என்னிடம் சொல்வதற்கு. சொன்னாள். "ரெண்டு வூட்டுத் தண்ணி தூக்கினேன் டீச்சரம்மா, வலியே இல்ல, ரெண்டு போடு." நான் என்ன செய்திருக்க வேண்டும்? எதைப் பாதியில் விட்டாய் என்று கேட்டிருக்க வேண்டும். இராஜமாணிக்கம் என்னைக் கேட்டதை நான் அவளைக் கேட்கவில்லை. கொஞ்சம் திட்டினேன், திட்டிக்கொண்டே இரண்டு ஸ்டாரும் போட்டேன். அன்று கவிதா வழக்கம்போல எல்லாரையும் சுற்றி வந்து, "வலி மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?" என்று விசாரித்தாள். ஆராயி என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றாள். அடுத்த வியாழன் பொங்கல், அன்று வரவில்லை, பண்டிகை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சேட்டு போன் செய்தான். எடுத்ததுமே, "டீச்சரம்மா, எங்கம்மாவ ஸ்கூல் புள்ளயா ஆக்கிட்டீங்க, இப்ப அதுக்குப் பழையபடி கிளம்பிருச்சு" என்றான். கை ஆடுகிறது, குடித்தவள் மாதிரி தள்ளாடுகிறாள், பேச்சு ஒன்றும் புரியவில்லை, சோற்றைப் பார்த்தால் வாந்தி. "நானும் எவ்ளோ நாளுதான் பாக்கறது? ராத்திரி ஆட்டோ ஓட்டிட்டு வந்தா இது ஒரு பக்கம். சித்தப்பா கூட்டிட்டு வந்து வுடுன்னு சொல்லிட்டாரு" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன்தான் அந்தப் பூட்டை உடைத்து அவளை இங்கே கூட்டி வந்தவன். களைத்துப்போயிருக்கிறான்.

நேற்றுக் காலை நான் போனேன், அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார். ஆராயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருமகள் கொடுத்த டீ டம்ளர் அவள் கையில் கடகடவென்று ஆடி, பாதி புடவையில் கொட்டியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்கு என் கையே நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன் எனக்குப் பல் பிடுங்கினார்களே, அப்போது கொடுத்த வலி மாத்திரையால் என் கை இப்படித்தான் ஆடியது, அப்பா 'அது' திரும்பிவிட்டது என்று உனக்கு மெயில்கூட அனுப்பினார். எங்கள் இருவருக்கும் லித்தியம் மாத்திரை, அது ஒரு வகை உப்பு. சாம்பாரில் உப்பு மாதிரி அளவில் இருக்கும்வரைதான் நல்லது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் போய் இந்த உப்பு வெளியேறுகிற வழியை அடைத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் தண்ணீரும் குறைத்துக் குடித்தால் கேட்கவே வேண்டாம், மெல்ல ஏறிக்கொண்டே போகும். அப்போது கை ஆடும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் பைத்தியம் திரும்பிவிட்டது என்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "வலி மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். அவள் குழறிக் குழறிச் சொன்னாள், "வலியே இல்ல டீச்சரம்மா. ஸ்டாரு போடு." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள், அது ஆடிக்கொண்டே இருந்தது. மருமகள் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள், உள்ளே மருந்துக்கடைக்காரரிடம் வாங்கித் தின்று தீர்த்த வலி மாத்திரைகளின் வெறும் அட்டைகள். டேங்கர் வந்த நாளிலிருந்து முதுகு வலி பிளந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டார் போய்விடும். உடனே சேட்டுவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் பார்த்தவர்களும் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு மனநோய்தான் என்று எழுதப்போனார்கள். நான் அந்தக் காலி அட்டைகளை மேஜைமேல் பரப்பி, எங்கள் குழு டாக்டரைக் கூப்பிடும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், நான் சத்தமாகப் பேசுவது அவருக்கு எப்போதும் பயம். எங்கள் டாக்டர் வந்து, லித்தியத்தை நிறுத்தி டிரிப் ஏற்றச் சொல்லி, ரத்தம் எடுத்து அனுப்பினார். "ஏறியிருந்தால் நீங்கள் சொல்வது சரி, இல்லாவிட்டால் வேறு பார்க்க வேண்டும்" என்றார். சேட்டு டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த முடிவுக்காகத்தான் இன்று காத்திருக்கிறேன். நானும் போயிருப்பேன், அந்த பெஞ்சில் இன்னொரு நாள் உட்கார என் இடுப்பு சம்மதிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, முன்பு இருந்திருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நாம் சரோஜினி நகரில் கீழ் வீட்டில் இருந்தோமே, மேல் வீட்டு பரமசிவம் மாமா காலையில் குழாயைத் திறந்தால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், நீ சோப்பு நுரையோடு கத்துவாய். தண்ணீர் இல்லாதது நிஜமா, இல்லை மேல் வீட்டுக் குழாயா என்று நாம் யாராவது கேட்டோமா? இரண்டும் ஒரே பைப். எனக்கும் அப்படித்தான். மனம் இறங்கும் நாளில் இடுப்பு அதிகம் வலிக்கிறது, இடுப்பு விடாமல் வலித்தால் மனம் இறங்குகிறது. எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே பல நாள் தெரியாது, ஆனால் வலிக்கிறது. ஆகவே உனக்குப் பதில், ஆமாம், நிஜம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதக் கையே வரவில்லை. நவராத்திரியில் கொலு வைத்துப் போட்டோ அனுப்பினேனே, அப்பா உதவினார் என்று சொன்னது பொய். அவர் தொடுவதற்கு முன்பே பரண்மேல் இருந்த பெட்டிகளை நானே இறக்கி, படி கட்டி, பொம்மை அடுக்கி, ஒரே மூச்சில் முடித்தேன், பாதியில் விடவே இல்லை. நீ இதயம் இதயமாக அனுப்பினாய், "சூப்பர்ம்மா, நீ ஃபுல் ஃபிட்" என்று எழுதினாய். அதன்பின் சரஸ்வதி பூஜைவரை எழுந்திருக்கவில்லை. போன் ரிப்பேர் என்று அப்பாவைச் சொல்லச் சொன்னேன். ஆராயி கையை நீட்டினபோது எனக்கு அந்தப் போட்டோதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு நான் ஸ்டார் போட்டேன், எனக்கு நீ போடுகிறாய். உன்மேல் தப்பு சொல்லவில்லை கண்ணா, எனக்கும் அது வேண்டியிருந்தது, அவளுக்கு வேண்டியிருந்தது போலவே. ஆனால் அதை வாங்குவதற்காக வலியை ஒளிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று நேற்றுப் பார்த்துவிட்டேன்.

போன் அடிக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, இது மாத்திரை நடுக்கம் இல்லை, அவசரம்தான். அப்பாதான் பேசினார். ஆபீஸில் ஃபைலைப் படிக்கிற குரலில், "மாது, ஏறித்தான் இருக்கு. டாக்டர் ரிப்போர்ட்டக் காட்டினார். நன்னாவே ஏறியிருக்கு" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. நோய் திரும்பவில்லை, மருந்து ஏறியிருக்கிறது, சரியான நேரத்தில் பிடித்துவிட்டோம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது இன்னும் சில நாளில்தான் தெரியும் என்றாராம் டாக்டர். அந்தப் பயம் இன்னும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சேட்டு போனை வாங்கினான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். "டிக்கெட்ட கேன்சல் பண்றேன் டீச்சரம்மா" என்றான். நான் பேச வாயைத் திறப்பதற்குள், "ஆனா இனிமே எங்கம்மா கையில ஒண்ணும் எழுதாதீங்க" என்றான். சரிப்பா என்றேன். அவன் சொன்னது நியாயம். அப்பா மறுபடி வாங்கி, ஆராயி கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வியைச் சொன்னார். "அந்த டீச்சரு என்னைய ஃபெயிலாக்கிருச்சா?" என்று கேட்டாளாம். "நீ பாஸ், உன் டீச்சர்தான் ஃபெயில்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா. சிரித்தாளாம், குழறலாகத்தான், ஆனால் சிரித்தாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பா சொன்ன ஜோக்குகளிலேயே நல்லது இதுதான். கவிதாவுக்கும் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஸ்டார் போட்டது உள்பட. என்னை இனி வர வேண்டாம் என்பாளோ என்று பயந்தேன். "வியாழக்கிழமை வாங்க ஆன்ட்டி. பேனா வேண்டாம்" என்றாள். சிவப்புப் பேனாவை அப்பாவின் பேப்பர் அடுக்கில் போட்டுவிட்டேன், அவர் குறுக்கெழுத்துக்கு ஆகும். ஆராயி வீட்டுக்கு வந்ததும் போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. வா போ என்று பேச நானும் ஆரம்பிக்க வேண்டும், அது ஒன்று மட்டும் தெரிகிறது.

இந்தக் கடிதத்தை சுந்தரேஷ் மாமாவின் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறாள். கூட சாம்பார் பொடி, நார்த்தங்காய், வெங்கிக்குப் பிடித்த எள்ளு மிட்டாய் ரேவ்டி. பொடியை ஃப்ரிட்ஜில் வை. நீ தண்ணீர் குடிக்கவே மறந்துவிடுகிறாய், மேஜைமேல் பாட்டில் இருக்கட்டும். ராத்திரி சாப்பிட்டபின் லேப்டாப்பைத் திறக்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். எனக்காக டிக்கெட் போட்டுக்கொண்டு அவசரமாக ஓடி வராதே, கோடையில் நிதானமாக வா, ஆராயியையும் பார்க்கலாம், உன்னைக் கண்டால் நிச்சயம் வம்பு இழுப்பாள். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, சுகுணா வீட்டுக் கல்யாணம், லிஃப்ட் சண்டை, எல்லாம். ஆனால் இடுப்பு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, அதனாலேயே இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் இருவரும் மனதாலும் உடம்பாலும் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசிகளும் இதில் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது வலி இருக்கிறதா என்று கேட்காதே. "அம்மா, இன்னிக்கு எதைப் பாதியில விட்டே?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கிறவரை பேசாமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதங்கி